ஒன்றரைச் சூரியன் உயரம்

செப்டம்பர் 14, ஞாயிறு

மன்றக் கூட்டத்துக்குப் போய்வந்தேன். கடலோர ஒளிப்பட மன்றம் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகிறது. இத்தனை சத்தத்தை அந்த அறையில் நான் கேட்டதில்லை.

விஷயம் முத்துப்பேச்சியின் படம். போன மாதம் ஆண்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் நின்று எடுத்திருக்கிறாள். வெள்ளையாகக் குவித்த உப்பு அம்பாரத்தின் மேல் ஒரு பெண். அவளுக்குப் பின்னால், அவள் உயரத்துக்கே பொதிகை மலை. மலையின் உச்சி சிவந்த சூரியனின் அடியில் குத்தி நிற்கிறது. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர்களில் பாதிப் பேர் இங்கிருந்து பொதிகையைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்களும், மழை விட்ட காலையில் மேற்கே நீலமாக ஒரு கோடு தெரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

படம் ஒட்டு வேலை என்று மன்றத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. பெயர் இல்லை. தலைவர் பொன்னையா (பல் டாக்டர், எதையும் வாய்க்குள் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படிப்பார்) எழுந்து வாசித்தார். மூன்று சந்தேகங்கள். நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலை இவ்வளவு பெரிதாகத் தெரியுமா? கேமராவில் பதிவான மூலக்கோப்பு ஏன் இல்லை? எடுத்தவர் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பத்துக்குப் படங்களை வெட்டி ஒட்டும் வேலை பார்ப்பவர் என்பதைக் கவனிக்க வேண்டாமா? மூன்றாவது பத்தியை டாக்டர் அவசரமாக வாசித்துவிட்டார். ‘ஐயத்திற்கு இடமளிக்கிறது’ என்றுதான் அதில் இருக்கிறது. பொய் என்று எங்குமே இல்லை. அந்த வித்தியாசம் யார் காதிலும் விழவில்லை.

உடனே உறுப்பினர் கில்பர்ட் எழுந்தார். “நான் அன்னைக்கே சொன்னேன். சூரியன் என்ன தோசைக்கல்லு மாதிரி இருக்கு?”

விசாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் மன்றச் செயலாளர். போட்டியில் இரண்டாம் பரிசு என்னுடையது, அதனால் வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை சொன்னேன்.

“தனிஸ்லாஸ் சார் பூகோள வாத்தியாரு. அவர விட்டா யாருக்கு இது தெரியும்?” என்றார் டாக்டர்.

செப்டம்பர் 15, திங்கள்

நல்ல தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் நிரப்பினேன். காலாண்டுத் தேர்வு மேற்பார்வை. வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 17, புதன்

ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் படத்தை விரித்து ஸ்கேலை வைத்தேன்.

சூரியனின் அகலத்தை யாரும் ஏமாற்ற முடியாது. எங்கிருந்து பார்த்தாலும் வானத்தில் அது அரைப் பாகைக்குக் கொஞ்சம் கூட. படத்தில் 47 மில்லிமீட்டர் இருக்கிறது. அந்தக் கணக்கில் மலையின் உயரம் எவ்வளவு வரவேண்டும்? பூமியின் வளைவு அடியில் அறுநூறு மீட்டரை மறைத்துவிடும். மிச்சம் தெரியும் மலை, நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஒன்றரைச் சூரியனுக்குக் கொஞ்சம் குறைந்த உயரம். படத்தில் 65 மில்லிமீட்டர் இருக்கவேண்டும்.

66 இருந்தது.

கையை நீட்டிப் பிடித்தால் அந்த மலை சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். பெரிய லென்ஸ் மலையை மட்டும் இழுக்கவில்லை; சூரியனையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து அதே அளவுக்கு இழுத்திருக்கிறது. அவள் தூரத்தில் நிற்பதால் நகத்தளவு, மலை அதைவிட வெகுதூரத்தில் நிற்பதால் நகத்தளவு. அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பையனுக்குக்கூட விளக்கிவிடலாம்.

ஆனாலும் கணக்குச் சரியாக வருவது ஒன்றையும் நிரூபிக்காது. விவரம் தெரிந்தவர் ஒட்டினால் சரியான அளவில்தான் ஒட்டுவார்.

சூரியன் அந்த இடத்தில் விழும் நாட்களையும் பார்த்தேன். வருடத்தில் இரண்டு முறை. மார்ச் மூன்றையொட்டி ஒன்று. படம் எடுத்ததாகச் சொல்லும் தேதி அதுதான். இன்னொன்று அக்டோபர் 10, 11. வீட்டுக் காலண்டரில் குறித்துவைத்தேன்.

செப்டம்பர் 20, சனி

முத்துப்பேச்சி வீட்டுக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மன்றத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். இதுவரை நாங்கள் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். என் மனைவி அமலி காபி கொடுத்தாள். முத்துப்பேச்சி குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“மூலக்கோப்பு எங்க?” என்று கேட்டேன்.

“கேமரா ஸ்டுடியோவுது சார். லென்ஸ் வாடகைக்கு எடுத்தது. மறுநா காலைல கல்யாணம். கார்டை அழிச்சுட்டுக் குடுத்துட்டாங்க. நான் என் போன்ல மாத்தி வச்சிருந்தது மட்டும்தான் மிஞ்சிச்சு.”

“அந்த இடத்துல அன்னைக்கு சூரியன் விழும்னு எப்படித் தெரியும்?”

“சந்தனமாரியக்கா சொன்னா. படத்துல நிக்கா பாருங்க, அவதான். முப்பது வருசமா உப்பளத்துல வேல. மாசியில ரெண்டு நாளு பொழுது நேரா மலையில விழும், வந்து பாருட்டின்னு கூப்பிட்டா. போனேன். நாலு வருசம் போனேன் சார். மூணு வருசம் மேகம். புரட்டாசியிலயும் இதே மாதிரி விழுமாம். வேணும்னா அவட்ட நீங்களே கேளுங்க.”

நாலு வருடம். நான் பதினோரு வருடமாகப் பள்ளிக்கூட மொட்டை மாடியில் ஏறி இறங்குகிறேன். மார்கழியில் மழை விட்டதும், காலையில், ஒவ்வொரு வருடமும். ஒரு கோடு கிடைத்திருக்கிறது, மலை கிடைத்ததில்லை. சாயங்காலம் போகவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். “ஒரு காலேஜ்ல போட்டோ லேபுக்கு ஆள் எடுக்காங்க சார். இந்தப் பரிசப் பாத்துத்தான் கூப்பிட்டாங்க. இப்ப யாரோ போய்ச் சொல்லியிருக்காங்க. அடுத்த மாசம் பதினஞ்சாந் தேதிக்குள்ள மன்றத்துல இருந்து படம் உண்மைதான்னு லெட்டர் வேணுமாம். நீங்க சொன்னா எல்லாரும் ஒத்துக்கிடுவாங்க.”

“பாக்கலாம்” என்றேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

விடைத்தாள் நாற்பத்தொன்று. மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி இருநூற்றுப் பதினேழு. கில்பர்ட் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்: பெண் உருவம் லேசாக மங்கல், மலையின் விளிம்பு கூர்மை, ஆகவே இரண்டு வெவ்வேறு படங்கள். அந்த லென்ஸில் தூரத்தில் குவியம் வைத்தால் பக்கத்தில் இருப்பது மங்கத்தான் செய்யும். கில்பர்ட்டுக்கும் அது தெரியும். யாரோ எவரெஸ்ட் சிகரத்துக்கு முன்னால் நம்ம ஊர் பஸ் நிற்பது போல ஒரு படம் செய்து போட்டிருக்கிறார்கள். முப்பது பேர் சிரித்திருக்கிறார்கள்.

முத்துப்பேச்சி ஒரே ஒரு செய்தி எழுதியிருந்தாள். “நான் ஒட்டலை.” அதற்கும் ஒருவர் சிரித்திருந்தார்.

‘செயலாளர் என்ன சொல்கிறார்?’ என்று ஐந்தாறு பேர் கேட்டிருந்தார்கள். விசாரணை நடக்கும்போது கருத்துச் சொல்வது முறையல்ல.

செப்டம்பர் 26, வெள்ளி

தேர்வு முடிந்தது. விடுமுறை. மின்விசிறி துடைத்தேன், பரணில் இருந்த பழைய பேப்பரை இறக்கினேன், சைக்கிளுக்கு எண்ணெய் விட்டேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

“வேலை செய்யுதீங்களா, வேலைய வெரட்டுதீங்களா?” என்றாள் அமலி.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் அமலி கேட்டாள். “அந்த லெட்டர எனக்குக் காட்டுங்களேன்.”

மன்றக் கோப்பில் இருந்தது. காட்டினேன். சமையலறையில் நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

பிறகு, திரும்பிப் பார்க்காமல், “‘ஐயத்திற்கு இடமளிக்கிறது’ன்னு இந்த ஊர்ல யாரு எழுதுவா?” என்றாள்.

நல்ல தமிழ் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றேன்.

“நம்ம மாப்ள வீட்டுக்காரங்களுக்கு நீங்க எழுதுன கடுதாசியிலயும் இதே வார்த்தை இருந்துச்சு. நாந்தான அத அடிச்சு எடுக்கச் சொன்னேன்.”

அவள் எப்போதும் இப்படித்தான், எதையாவது எதனோடாவது முடிச்சுப் போடுவாள். சாப்பிட்டுவிட்டு டவுன் பக்கம் நடக்கப் போனேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் முள்ளக்காட்டு உப்பளத்துக்குப் போனேன். பாத்தி வரப்பில் ஒரு மணி நேரம் நின்றேன். மேற்கே முழுக்கப் புழுதி மூட்டம். சூரியன் மலைக்கு வடக்கே நாலைந்து பாகை தள்ளி, நிறம் வெளுத்து, அடிவானத்தைத் தொடாமலே மங்கிப்போனது. மலை இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

வரும் வழியில் வண்டியை நிறுத்திப் பருத்திப்பால் குடித்தேன். நன்றாக இருந்தது. பத்து நாளாக எதுவும் ருசிக்கவில்லை.

சந்தனமாரி அங்கேதான் எங்கேயோ வேலை பார்க்கிறாள். தேடவில்லை. நேரமாகிவிட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

டாக்டர் வீட்டுக்கு வரச்சொன்னார். கல்லூரியிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்களாம். “சார், ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்க. உண்மைன்னா உண்மை, இல்லன்னா இல்ல. எனக்கு நோயாளிங்கல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு இதத்தான் கேக்காங்க.”

எழுதிக் கொடுத்தேன். ‘மூலக்கோப்பு இல்லாத நிலையில் படத்தின் உண்மைத்தன்மையை உறுதிசெய்ய இயலவில்லை. நேரில் சென்று பார்த்தபோது மலை தென்படவில்லை.’ இரண்டு வாக்கியமும் உண்மை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கூட ஒரு வாரம் கேட்டிருக்கலாம். டாக்டர் கொடுத்திருப்பார்.

அக்டோபர் 6, திங்கள்

பரிசு நிறுத்திவைக்கப்பட்டது. குழுவில் அறிவித்தார்கள். முத்துப்பேச்சி குழுவிலிருந்து விலகினாள்.

அக்டோபர் 8, புதன்

நான் பால் கணக்கு நோட்டைத் தேடி எடுக்கையில் அமலி காலண்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“பத்து, பதினொண்ணு. ரெண்டையும் சுத்தி வட்டம் போட்டிருக்கீங்க. என்ன அன்னைக்கு?”

சொன்னேன். வேறு என்ன செய்வது? சூரியன் மறுபடி அதே இடத்தில் விழும் என்று சொன்னேன்.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“பதினேழாம் தேதி.”

“பதினேழா? போன மாசமா?” அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “அப்போ அஞ்சாந் தேதி அந்தக் காகிதத்த எழுதும்போது உங்களுக்குத் தெரியும்.”

நான் வளைவு, அறுநூறு மீட்டர், மில்லிமீட்டர் என்று ஏதேதோ பேசினேன்.

“எனக்கு அதெல்லாம் வேண்டாம். படம் உண்மையா, இல்லையா?”

“உண்மை.”

முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் அதைக் கேட்டேன்.

“அந்த லெட்டரு?”

நான் பால் கணக்கு நோட்டைப் புரட்டினேன். அவளும் இன்னொரு முறை கேட்கவில்லை. “அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க. இல்லன்னா நான் போடுதேன்” என்று மட்டும் சொன்னாள்.

அக்டோபர் 9, வியாழன்

போன் போட்டேன். பத்தாம் தேதி உப்பளத்துக்கு வரமுடியுமா என்று கேட்டேன்.

“நான் தெனமும் அங்கதான் சார் போறேன். உங்கள ஒருநாள் பாத்தேன். முப்பதாந் தேதி. வரப்புல நின்னீங்க. கூப்பிடலாம்னு நெனச்சேன். நீங்களா கூப்பிடுவீங்கன்னு இருந்துட்டேன்.”

அக்டோபர் 10, வெள்ளி

மேகம். நான் வரச்சொல்லியிருந்த டாக்டர், கில்பர்ட், கூட அமலி, நான், முத்துப்பேச்சி. ஆறு மணி வரை நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. கில்பர்ட் என் தோளில் தட்டினார். “நீங்க எழுதுனது கரெக்ட்தான் சார்.” அந்தக் கையை உதறத் தோன்றியது. உதறவில்லை.

அக்டோபர் 11, சனி

மதியம் வரை மழைத்தூறல். மூன்று மணிக்கு விட்டது. கில்பர்ட் வரவில்லை என்று சொல்லிவிட்டார். மற்ற நாலு பேரும் போனோம்.

அடுத்த மழைக்கு முன் உப்பை மூடவேண்டும் என்று அம்பாரங்களின் மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியைக் காட்டி, “அவதான் சந்தனமாரியக்கா” என்றாள் முத்துப்பேச்சி. ஒல்லியான உடம்பு, காலில் ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. படத்தில் மலை உயரம் இருந்தவள், என் தோளுயரம்தான் இருந்தாள்.

“எதுக்கு சார் இம்புட்டு பேரு?” என்று கேட்டாள்.

“மலையைப் பாக்கத்தான்.”

“அது எங்க போயிரப்போவுது” என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயின் முனையில் கல்லை வைத்தாள்.

ஐந்தே முக்காலுக்கு மேற்கே ஒரு பட்டை மட்டும் மேகம் கிழிந்தது. சூரியன் அதற்குள் இறங்கியது. முதலில் வெறும் செம்மஞ்சள். பிறகு அந்த வட்டத்தின் அடியில் யாரோ விரலை வைத்தது போல ஒரு கறுப்பு முனை. கண்ணால் பார்க்கச் சின்னதுதான், நகத்தளவு. டாக்டர் தன் கேமராவின் லென்ஸில் பார்த்து “ஐயோ” என்றார். பொதிகை, உச்சி, தோள், தெற்கே சரியும் முதுகு, எல்லாம் வெட்டி வைத்தது போல நின்றது. நாலு நிமிடம் இருக்கும்.

என் கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரு வருடம் காத்திருந்த படம். எடுக்கவில்லை. கை வரவில்லை என்பதுதான் சரி. முத்துப்பேச்சியும் எடுக்கவில்லை. அவளிடம் கேமராவே இல்லை; ஸ்டுடியோவில் இப்போதெல்லாம் வெளியே கொடுப்பதில்லையாம். டாக்டர்தான் எடுத்துக்கொண்டே இருந்தார்.

அவர் மகிழ்ச்சி தாங்காமல் திரும்பி அவளிடம் சொன்னார். “ஏம்மா, உண்மைதாம்மா! எல்லாம் தனிஸ்லாஸ் சார் கண்டுபிடிச்ச தேதி. சாருக்கு ஒரு நன்றி சொல்லு.”

முத்துப்பேச்சி என்னைப் பார்த்தாள். “மலை அங்க இருக்குன்னு சொன்னதுக்கா சார்?”

அமலி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கடிதத்தை எழுதுனது நான்தான்” என்றேன். நாளைய கூட்டத்தில் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். டாக்டர் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து. பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

முத்துப்பேச்சி வரப்பு வழியாக நடந்துபோய்த் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் மூன்று அம்பாரம் மூடினார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

கூட்டத்தில் எல்லாவற்றையும் வாசித்தேன். 47, 66, மார்ச் 3, செப்டம்பர் 17. சந்தனமாரியைத் தேடாமல் வந்தது. ஏன் எழுதினேன் என்று கில்பர்ட் கேட்டார். “அந்தப் படத்த நான் எடுத்திருக்கணும்னு நெனச்சேன்” என்றேன். அதற்கு மேல் காரணம் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை. என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்தும் மன்றத்திலிருந்தும் நீக்கினார்கள். பரிசு அவளுக்கே என்று தீர்மானமாயிற்று. யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

டாக்டரிடம் புதுக் கடிதம் வாங்கிக்கொண்டு பள்ளிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிக் கல்லூரிக்குப் போனேன். அலுவலகத்தில் ஒரு அம்மாள் கடிதத்தை இருமுறை படித்தார்.

“ஒன்பதாம் தேதியே வேற ஆளுக்கு ஆர்டர் போயிருச்சே சார். உங்க மன்றத்து லெட்டர் வந்த பிறகுதான் போட்டோம்.” குரலில் குற்றம் எதுவும் இல்லை. “இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தா நாங்களும் பொறுத்திருப்போம்.”

வெளியே வந்து வண்டியைக் கிளப்ப மூன்று உதை ஆனது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஸ்டுடியோவுக்குப் போனேன். முத்துப்பேச்சி கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மணப்பெண்ணின் பின்னணியில் அரண்மனை வைத்துக்கொண்டிருந்தாள். கல்லூரி விவரத்தைச் சொன்னேன். தெரியும் என்றாள்.

“என்னை மன்னிச்சிரும்மா” என்றேன்.

மவுசை நகர்த்திக்கொண்டே இருந்தாள். அரண்மனைத் தூண் ஒன்று பெரிதாகி, சிறிதாகி, சரியான அளவில் நின்றது.

“எனக்கு அது வேண்டாம் சார். அத வாங்கி எங்க வைக்கட்டும்?” என்றாள். கொஞ்சம் கழித்து நாற்காலியைத் திருப்பினாள். “மாசக் கடைசியில லைப்ரரி ஹால்ல மூணு நாளு கண்காட்சி வைக்காங்க. என் படத்தப் பெருசாப் போடப்போறாங்க. வாரவன் பூரா ஒட்டு வேலையான்னு கேப்பான். படம் எடுத்த மார்ச்ல இருந்து பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கி. நான் அங்க நிக்கப்போறதில்ல. நீங்க நில்லுங்க. மூணு நாளும். கேக்கிறவங்களுக்கு நீங்க சொல்லுங்க.”

அக்டோபர் 31, வெள்ளி

காலை பத்து முதல் மாலை ஆறு வரை நின்றேன். எட்டடி அகலத்தில் படம். கேட்டவர்கள் எண்பதுக்கு மேல். தொண்டை கட்டிவிட்டது. என் மாணவர்கள் நாலு பேர் வந்து, என்னைப் பார்த்துவிட்டு, படத்தைப் பார்க்காமலே போனார்கள்.

நவம்பர் 1, சனி

கால் வீக்கம். அமலி வெந்நீரில் உப்பு போட்டுக் கொடுத்தாள். கில்பர்ட் வந்தார். எல்லாம் தெரிந்தும், படத்தின் முன்னால் நின்று, “இருந்தாலும் சார்…” என்றார். நான் முதலிலிருந்து விளக்கினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கடைசி நாள், நல்ல கூட்டம். அளவு, வளைவு, சூரியன் என்று சொல்லிச் சொல்லி, காலையிலேயே சொற்கள் தேய்ந்துபோயின. புரிந்தது என்று தலையாட்டிவிட்டு, நாலடி தள்ளிப் போனதும், “கம்ப்யூட்டர்ல பண்ணிருப்பாங்க” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்கள். எல்லோரும் அப்படியில்லை. பாதிப் பேர் அப்படி. நான் ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதிக் கிளப்பிவிட்ட சந்தேகம் அது.

மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அம்மாள் வந்தார், கையில் ஹெல்மெட்டோடு. வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், “இது பொய்ப் படம்னு யாரோ மொட்டக் கடுதாசி போட்டாங்களாமே, அந்தப் படமா?” என்று கேட்டார்.

“ஆமா. அந்தப் படம்தான்.”

“அப்படியா? யாரு போட்டாங்க?”

“நான்தான் போட்டேன்” என்றேன். “படம் உண்மை. முள்ளக்காட்டுல நின்னு எடுத்தது. எடுத்தவங்க பேரு முத்துப்பேச்சி.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு படத்துக்கு இன்னும் பக்கத்தில் போய், மலையின் விளிம்பைக் கண்ணால் தொடர ஆரம்பித்தார். விளக்கை அணைக்க வந்த ஊழியரிடம் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன்.